8 ஜிபி, 128 ஜிபி, 8கே: அட்டையை நம்பி ரிவி பெட்டி வாங்காதீர்கள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு வீட்டுக்காரர் இந்த மாதம் 13,500 ரூபா கொடுத்து வாங்கிய அன்ட்ரொயிட் ரிவி பெட்டியை, அதாவது ரிவியோடு இணைத்து யூரியூப், நெற்பிளிக்ஸ் பார்க்கும் சின்னப் பெட்டியைப் பற்றியது இந்தப் பதிவு. பொதி அட்டையில் இருந்தது: 8கே, 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு, அன்ட்ரொயிட் 13. கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தது: ஆல்வின்னர் எச்313 சிப், 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பு, அன்ட்ரொயிட் 10.

மூன்றாம் நாளே 'இடம் போதாது' என்று திரையில் வந்தது. யூரியூப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக மூடிக்கொண்டது. திருப்பிக் கொண்டுபோனபோது கடையில் கிடைத்த பதில், "உங்கட இன்ரநெற் ஸ்லோ அண்ணை, பெட்டியில பிழை இல்லை." பற்றுச்சீட்டும் கொடுக்கவில்லை. அதனால் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

செற்றிங்ஸைத் திறந்து பார்த்தோமே, 8 ஜிபி என்றுதானே காட்டியது என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தில் வரும் எண், பெட்டியின் மென்பொருளில் எழுதி வைத்த வெறும் எழுத்து. தயாரிக்கும் இடத்திலேயே அதை மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். ஆகவே அது எதற்கும் சான்று இல்லை.

இதை யோசியுங்கள். சியோமி ரிவி ஸ்டிக் 4கே, அதே நிறுவனத்தின் ரிவி பொக்ஸ் எஸ் இரண்டாம் தலைமுறை, 2020இல் வந்த கூகிள் குரோம்காஸ்ற் 4கே, எல்லாவற்றிலும் இருப்பது 2 ஜிபி ரேமும் 8 ஜிபி சேமிப்பும்தான். படம் பார்க்க அது போதும். பெயர் உள்ள நிறுவனம் 2, 8 என்று உள்ளதை எழுதுகிறது. பெயரே இல்லாத பெட்டி அதைவிடக் குறைந்த விலையில் 8, 128 என்று எழுதினால், அந்த எண்ணே அது பொய் என்பதற்கு அடையாளம்.

காசு கொடுக்க முன் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதலில் முகப்புத் திரை. உள்ளே இருப்பது ரிவிக்கென்றே கூகிள் செய்த அன்ட்ரொயிட் ரிவி அல்லது கூகிள் ரிவி மென்பொருள் என்றால் எல்லாமே ரிமோற்றின் அம்புக்குறியால் நகரும். ரிமோற்றில் மவுஸ் பொத்தான் இருந்து, அதை அழுத்தி ஒரு சுட்டியை நகர்த்தித்தான் நெற்பிளிக்ஸைத் திறக்க வேண்டியிருந்தால், உள்ளே இருப்பது ரிவிக்கான மென்பொருள் இல்லை, ரப்லெற்றுக்கானது. அந்தப் பெட்டிகளில் பிளே ஸ்ரோரும் கைபேசியில் இருப்பது போலவே தெரியும். பிளே ஸ்ரோரின் செற்றிங்ஸில் கடைசியாக உள்ள 'எபவுட்' பகுதியில் பிளே புரொடெக்ற் சான்றிதழ், அதாவது கூகிள் அந்தக் கருவிக்குக் கொடுக்கும் சான்று, பற்றி ஒரு வரி இருக்கும். சான்றளிக்கப்படவில்லை என்று இருந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது சிப்பும் பதிப்பும். கருவியின் உள் விபரங்களைக் காட்டும் சிபியு-இசட் போன்ற ஒரு செயலியைப் போட்டு, அன்ட்ரொயிட் பதிப்பைக் குறிக்கும் ஏபிஐ எண்ணைப் பாருங்கள். அன்ட்ரொயிட் 13 என்றால் அது 33 ஆக இருக்க வேண்டும். 29 என்றால் உள்ளே இருப்பது 10. இதையும் சில பெட்டிகளில் மாற்றி எழுதியிருப்பார்கள். ஆனால் சிப்பின் பெயர் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். உதாரணமாக, ஆல்வின்னர் எச்616 என்ற சிப் தாங்கக்கூடிய உச்ச ரேம் 4 ஜிபி. அதில் 8 ஜிபி இருக்க வழியே இல்லை.

சேமிப்பைச் சோதிக்க மிகவும் நம்பகமான வழி, 14 ஜிபி அளவுக்குப் படங்கள் நிரப்பிய பென் ட்ரைவ் ஒன்றைக் கொண்டுபோவது. பெட்டிக்குள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, கடைசியாகப் போன படத்தை ஓட விட்டுப் பாருங்கள். கால் மணிநேரம், சில பெட்டிகளில் அதற்கு மேலும் எடுக்கும். 8 ஜிபி உள்ள பெட்டி பாதியில் நின்றுவிடும், அல்லது பிரதி முடிந்ததாகச் சொல்லிவிட்டு படம் ஓடாது. கடைக்காரர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள்.

நெற்பிளிக்ஸ் மங்கலாகத் தெரிவதற்கும் இணைய வேகத்துக்கும் இந்த விடயத்தில் தொடர்பில்லை. படங்களைக் களவாகப் பிரதி எடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1 (உயர்ந்தது), எல்3 (தாழ்ந்தது) என்று நிலைகள் உண்டு. சான்றிதழ் இல்லாத பெட்டிகள் எல்3இல் நிற்பதால், ஃபைபர் இணைப்பு இருந்தாலும் படத்தின் தெளிவு 480பி அளவுக்கு மேல் போகாது. மாதாமாதம் எச்டி திட்டத்துக்குக் காசு கட்டிவிட்டு அதைப் பார்ப்பது எவ்வளவு நட்டம்!

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மலிவான பெட்டிகள் பலவற்றில் தீங்கு மென்பொருள் தயாரிப்பு நிலையிலேயே ஏறியிருக்கும். 2023 ஜனவரியில் ரி95 என்ற பெட்டியில் இது வெளிப்பட்டது. 2024 செப்ரெம்பரில் 'வொய்ட்' என்ற தீங்குமென்பொருள் 197 நாடுகளில் சுமார் 13 இலட்சம் பெட்டிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2025 யூனில் 'பாட்பொக்ஸ் 2.0' என்ற தீங்குமென்பொருள் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ பகிரங்கமாக எச்சரித்தது. இப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டு இணைப்பை வேறு யாரோ பாவிக்கும் வழியாக மாற்றிவிடும். 4ஜி ரவுற்றர் வைத்திருப்பவர்களுக்கு டேற்றா கரைவதும் இதனால் இருக்கலாம். மற்றக் கருவிகளையெல்லாம் நிறுத்தி, பெட்டியை மட்டும் ஒன்றும் ஓட விடாமல் இரவு முழுக்க இணைப்பில் வைத்து, காலையில் டேற்றாக் கணக்கைப் பாருங்கள். நெற்பிளிக்ஸில் எச்டி படம் பார்த்தால்கூட மணிக்கு 3 ஜிபி அளவுதான் போகும். சும்மா இருந்த பெட்டி ஒரு ஜிபியைத் தின்றிருந்தால் சந்தேகிக்க வேண்டும்.

'ஒரு வருடத்துக்குத் தமிழ்ச் சனல் எல்லாம் இலவசம்' என்று சேர்த்து விற்கும் பெட்டிகளையும் எடுக்க வேண்டாம். பின்னால் இருப்பது உரிமம் இல்லாத சேர்வர். அது நின்ற அன்றே சனலும் நின்றுவிடும், கேட்க ஆளும் இருக்காது.

கனடாவிலிருந்து யாராவது பெட்டி கொண்டுவருவதென்றால் ரோக்கு என்ற கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதன் கணக்கு இலங்கைக்கு இல்லை. கூகிள் ரிவி உள்ள கருவி நல்லது. அடப்ரரில் 100-240வி என்று இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிளக் நம் சுவர்த் துளைக்குப் பொருந்த ஒரு மாற்றியும் வாங்குங்கள். சியோமி என்று பெயர் இருந்தாலும் இரண்டைத் தவிருங்கள்: சீனாவுக்குள் விற்கும் மி பொக்ஸில் கூகிள் இல்லை, 2020இல் வந்த 1080பி ஸ்டிக்கில் ரேம் 1 ஜிபி மட்டும். எந்த ஸ்டிக்கையும் ரிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து ஓட்டாதீர்கள். பழைய ரிவிகளில் அது 0.5 அம்பியர்தான் கொடுக்கும், ஸ்டிக்குக்கு 1 அம்பியர் வேண்டும். திரும்பத் திரும்ப அணைந்து எரிவது இதனால்தான்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் கைபேசியில் கூகிள் கணக்கைத் திறந்து அந்தப் பெட்டியை வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஃபக்ரரி ரீசெற் செய்வதால் பலன் இல்லை, தீங்கு மென்பொருள் சிஸ்ரம் பகுதியிலேயே இருக்கிறது. பெட்டியை இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொருவருக்கு விற்கவும் வேண்டாம்.

அட்டையையும் உள்ளே இருக்கும் விபரத்தையும் படம் எடுத்து, நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி 3 மாதத்துக்குள் செய்ய வேண்டும், தொலைபேசி 1977. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் மாடல் பெயரோடு ரேம், சேமிப்பு அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.