அம்மாவோடு ஒரு புல்யா மதியம்

என் அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்துக்காரர். முட்டை கலந்தது என்று தெரிந்தால் கேக்கைக்கூடத் தொடமாட்டார். அவரை ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப்போனால் வெள்ளை சாஸ் பாஸ்தாவுக்கு மேல் எதுவும் கிடைக்காது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன புதன்கிழமை மதியம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்து இந்திராநகர் போனோம். 12வது மெயினை ஒட்டிய குறுக்குத் தெருவில், எட்டே மேசை உள்ள கடை. சில குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரை எழுதவில்லை.

இங்கே சமைப்பது புல்யா பகுதியின் சாப்பாடு. இத்தாலி வரைபடத்தில் பூட்ஸின் குதிகால் இருக்கிறதே, அந்த இடம். கோதுமையும் ஆலிவும் விளையும் பூமி. வடக்கே எமிலியா-ரொமான்யா பக்கம் பாஸ்தா மாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைவார்கள். புல்யாவில் துரம் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். அம்மாவுக்கு இதைச் சொன்னதும் முகம் தெளிந்தது.

முதலில் வந்தது 'ஃபாவே எ சிக்கோரியா'. நம் மொச்சை மாதிரி பெரிய பயறு ஒன்றைத் தோல் நீக்கிக் காயவைத்து, குழைய வேகவைத்து மசித்திருக்கிறார்கள். பக்கத்தில் வதக்கிய கீரை, மேலே பச்சையாக ஆலிவ் எண்ணெய். மசியலில் மசாலா என்று எதுவும் இல்லை, உப்புதான். அந்தக் கீரை என்ன தெரியுமா? சிக்கரி. நம் ஃபில்டர் காபித்தூளில் எந்தச் செடியின் வேரை வறுத்துக் கலக்கிறார்களோ, அதே இனத்தின் இலை. நல்ல கசப்பு. பயறு இனிப்பாக இருப்பதால் இரண்டையும் சேர்த்து எடுக்கும்போது கசப்பு சரியாகப் பொருந்துகிறது. அறுபது வருடமாகத் தினமும் சிக்கரி காபி குடிக்கும் அம்மா, இலையை முதல்முறையாகப் பார்க்கிறார். "கீரையும் பருப்பும்தானேடா இது" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். 480 ரூபாய்க்கு அளவு கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் அடுத்த முறையும் இதைத்தான் முதலில் கேட்பேன்.

அடுத்து ஒரெக்கியெத்தே என்ற பாஸ்தா. 'குட்டிக் காதுகள்' என்று பொருள். சமையல்காரப் பெண் வாசல் பக்கம் மரப்பலகை போட்டு எல்லோரும் பார்க்கவே செய்கிறார். மாவுத் துண்டைக் கத்தியால் இழுத்து, கட்டைவிரல் மேல் ஒரு புரட்டு, அவ்வளவுதான். புல்யாவிலுள்ள பாரி நகரத்தின் பழைய தெருக்களில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இப்படித்தான் செய்வார்கள். கைமுறுக்கு சுற்றத் தெரிந்த அம்மா பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டார்.

இதற்குப் புல்யாவில் போடுவது டர்னிப் கீரை. இங்கே கிடைக்காததால் கடுகுக்கீரை என்று மெனுவிலேயே எழுதியிருக்கிறார்கள். வழக்கமாகச் சேர்க்கும் நெத்திலியை, கேட்டதும் விட்டுவிட்டார்கள். மேலே சீஸுக்குப் பதிலாக வறுத்த ரொட்டித்தூள். ஏழை வீடுகளில் சீஸ் வாங்க முடியாதபோது தூவியது. மொறுமொறுவென்று பூண்டு வாசனையோடு அருமையாக இருந்தது.

பரிமாறிய ஓசூர்ப் பையன் ஒரு நல்ல காரியம் செய்தான். பார்மீஜானோ சீஸ் தூவச் சொல்லட்டுமா என்று நான் அம்மாவிடம் கேட்கப்போக, "அம்மா, அதுல பாலைத் திரிக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னட் இருக்கு, உங்களுக்கு வேண்டாம்" என்று அவனாகவே சொன்னான். நிஜமான பார்மீஜானோவுக்கு அது கட்டாயம். சைவம் என்று சொன்ன பிறகும் அதைத் தூவிக் கொடுக்கும் இடங்களில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அம்மா அவனைத் "தம்பி, நல்லா இரு" என்று வாழ்த்தினார்.

உள்ளே கிரீம் வைத்த புர்ராட்டா சீஸ் பரவாயில்லை. தக்காளியும் ஆலிவும் பதித்த ஃபொக்காச்சா ரொட்டி ஓரங்களில் காய்ந்திருந்தது, காலையில் சுட்டதாக இருக்கும். மெனுவில் டிராமிசு எதற்கு? அது வடகிழக்கு இத்தாலியின் இனிப்பு. நாங்கள் அதை விட்டுவிட்டு, ஐஸில் ஊற்றிய எஸ்பிரெஸோவோடு பாதாம் பால் சேர்த்த, புல்யாவின் லெச்சே ஊர்க் காபி வாங்கினோம். அப்புறம் பாட்டுச் சத்தம். அம்மா பேசியது பாதி எனக்குக் கேட்கவில்லை. சொன்னதும் குறைத்தார்கள், கால் மணியில் மறுபடி ஏறிவிட்டது.

பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தது. அப்படிச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லி, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-ல் அதை உறுதி செய்துவிட்டது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள், ஆனால் கேட்க வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. வரியோடு 2,499 ரூபாய் ஆனது. அந்தப் பையன் கையில் 200 ரூபாய் தனியாகக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அம்மா சிக்கரி இலை விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். சமையல்காரப் பெண் ஒரு கட்டுக் கீரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் வீட்டில் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு. அடுத்த மாதம் சென்னையிலிருந்து அத்தை வருகிறார். புதன் மதியத்துக்கே மேசை சொல்லிவைத்திருக்கிறேன், ஸ்பீக்கருக்கு எதிர்மூலையில்.