பிட்காயின் நோடு: ப்ரூன் பண்ணலாமா, ஃபுல்லா வைக்கலாமா?

நோடுன்னா பிட்காயின் பிளாக்கெல்லாம் (பரிவர்த்தனைப் பதிவுகள்) நம்ம கம்ப்யூட்டர்லயே இறக்கி சரிபாக்குற புரோகிராம். 256 ஜிபி லேப்டாப்தான் இருக்குன்னு நோடே வேணாம்னு விட்றாதீங்க, நோடு ஓட்ற சாஃப்ட்வேரான பிட்காயின் கோர்லயே ப்ரூன் வசதி, அதாவது சரிபாத்த பழைய பிளாக்க அழிச்சு இடத்த மிச்சம் பண்ற வசதி இருக்கு.

இடம்
ஃபுல்: 600 ஜிபிக்கு மேல, வருஷா வருஷம் ஏறிட்டே போகும். வாங்குறதா இருந்தா 2 டிபி எஸ்எஸ்டியா வாங்குங்க.
ப்ரூன்: கான்ஃபிக் ஃபைல்ல (செட்டிங்ஸ் எழுதுற ஃபைல்) prune=550ன்னு ஒரே வரி, பிளாக் ஃபைலெல்லாம் கிட்டத்தட்ட 550 எம்பில நிக்கும். ஆனா இன்னும் செலவாகாத காயின்களோட பட்டியல் இருக்குற செயின்ஸ்டேட் ஃபோல்டர் தனியா 10 ஜிபிக்கு மேல எடுக்கும், இதத்தான் நிறைய பேர் கணக்குல சேக்குறதில்ல.

டவுன்லோடு
ரெண்டுக்கும் ஒண்ணுதான். ப்ரூனும் 2009ல வந்த மொத பிளாக்ல இருந்து எல்லாத்தையும் இறக்கி சரிபாத்துட்டுதான் பழச அழிக்கும், அதனால பாதுகாப்பு குறையுமோன்னு பயப்படவே வேணாம், நெட் பேக்ல டேட்டா லிமிட் இருந்தா மட்டும் நல்லா யோசிங்க.

பழைய வாலட்
ஃபுல்: ரீஸ்கேன் (பழைய பிளாக்ல உங்க வரவு செலவ மறுபடி தேடுறது) குடுத்தா போதும்.
ப்ரூன்: எனக்கு இங்கதான் மாட்டுச்சு, பழைய வாலட்ட ஏத்தினா அந்த காலத்து பிளாக்கே டிஸ்க்ல இல்ல, மொத்தத்தையும் திரும்ப இறக்க வேண்டியதாப்போச்சு.

டிஎக்ஸ்இன்டெக்ஸ் (எந்தப் பரிவர்த்தனையையும் ஐடி வச்சு தேட உதவுற பட்டியல்) வேணும்னா ஃபுல்தான், வேற வழியில்ல; சொந்தமா எலக்ட்ரம் சர்வர் (எலக்ட்ரம் வாலட்டுக்குத் தகவல் குடுக்குற சர்வர்) ஓட்டணும்னாலும் பெரும்பாலும் ஃபுல்தான். உங்க வரவு செலவ மட்டும் நீங்களே சரிபாக்கணும்னா ப்ரூன் தாராளமா போதும், இன்னிக்கே ஆரம்பிங்க.