36 மடங்கு ஆசையும் 10 மடங்கு பெட்டியும்

அப்பா விட்டுப்போன நூற்றுச் சொச்சம் ரிக்கார்டுகளில் முக்கால்வாசி மோனோ. ஃபியஸ்டா பிளேயரில், தேய்ந்த ஊசியின் தலையில் நாலணாவை ஒட்டி ஓட்டித் தீர்த்தவை. அவற்றைக் கேட்பதற்காகத்தான் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் சாமான்) வாங்கினேன். ஜப்பான் ஒலிபரப்பு நிலையமான என்ஹெச்கேவுக்காக 1960களின் தொடக்கத்தில் உருவானது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. உருண்டை முனை ஊசி, 2.5 கிராம் அழுத்தம். எடை குறைந்த டோன்ஆர்மில் (ஊசியைத் தாங்கும் கையில்) சரிவராது என்பதால், கார்ட்ரிட்ஜை மாட்டும் கனமான ஹெட்ஷெல் ஒன்றும் வாங்க வேண்டியிருந்தது. சரி, அதை விடுங்கள். உண்மையான தலைவலி அதற்கப்புறம்தான் வந்தது.

நம்மில் பெரும்பாலானோர் வைத்திருக்கும் எம்எம் (மூவிங் மேக்னட், காந்தம் அசைவது) கார்ட்ரிட்ஜ் 4, 5 மில்லிவோல்ட் கொடுக்கும். 103 எம்சி (மூவிங் காயில், கம்பிச்சுருள் அசைவது) வகை, அது கொடுப்பது 0.3. இந்தச் சன்னமான சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி உயர்த்துவது போனோ ப்ரீஆம்ப்; எம்எம்முக்கானது சுமார் 40 டெசிபல்தான் உயர்த்தும். 103-ஐ அதில் செருகினால் பாட்டு பக்கத்து வீட்டில் ஓடுவது போலக் கேட்கும். வால்யூமைத் திருகினால் இரைச்சலும் கூடவே ஏறும். இதற்கு இரண்டு வழி. 60 டெசிபல் வரை உயர்த்தும் எம்சி வசதியுள்ள ப்ரீஆம்ப் வாங்கலாம். இல்லையென்றால் இருக்கிற எம்எம் ப்ரீஆம்புக்கு முன்னால், மின்னழுத்தத்தை 10, 20 மடங்கு என்று கூட்டித்தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைக்கலாம்.

நான் முதலில் செய்தது முட்டாள்தனம். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் 1:36 டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வந்தது. 10 மடங்கை விட 36 மடங்கு மேல்தானே என்று வாங்கிவிட்டேன். மாட்டிக் கேட்டால் சத்தம் நான் எதிர்பார்த்த அளவில் பாதிகூட இல்லை. தபேலா சாக்குமூட்டையைத் தட்டுவது போல இருந்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறதோ, ப்ரீஆம்பின் லோடை (உள்ளீட்டு எதிர்ப்பை) அதன் வர்க்கத்தால் வகுத்துக் கார்ட்ரிட்ஜுக்குக் காட்டும். எம்எம் உள்ளீடு 47,000 ஓம்ஸ். 10 மடங்கு பெட்டி என்றால் 100-ஆல் வகுத்து 470 ஓம்ஸ். 20 மடங்கு என்றால் 400-ஆல் வகுத்து 117. என் 36 மடங்கு பெட்டிக்கு 1,296-ஆல் வகுத்தால் வெறும் 36 ஓம்ஸ். 103-இன் உள் எதிர்ப்பே 40 ஓம்ஸ். பாதிக்கு மேல் சிக்னல் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. மிஞ்சி வருவது சுமார் 5 மில்லிவோல்ட். 20 மடங்கு பெட்டியிலேயே 4.5 வந்துவிடும், 10 மடங்கில் ஏறக்குறைய 2.8. எம்எம் ப்ரீஆம்புக்கு அந்த 2.8 போதும்.

இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்னால், உள்ளே கம்பி அறுந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் பெட்டியைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருந்தேன். நான் மல்டிமீட்டரை எடுத்ததும் கையைப் பிடித்துவிட்டார். "சார், இதுல மீட்டர் வைக்காதீங்க. டிசி போனா கோர் காந்தமாயிடும்." மைக்ரோவோல்ட் கணக்கில் வேலை செய்யும் சாமான் இது என்று அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. காசு வாங்கவில்லை, ஒரு டீ மட்டும்.

அடுத்து வாங்கியது டெனானின் ஏயு-300எல்சி. 103-க்கென்றே செய்த சிறிய பெட்டி, 1:10. திருக ஒரு குமிழ்கூட இல்லை, மின்சாரமும் வேண்டாம். பார்க்க ஒன்றுமே இல்லாத சாமான், விலை சொன்னால் வீட்டில் சண்டை வரும். ஆனால் மாட்டிய அன்று மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தனியாகக் கேட்டது. கீறல்களின் படபடப்பு பாட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது.

உறுமல் இல்லாமல் இல்லை. ரிக்கார்டில் பேஸை, அதாவது கீழ் ஸ்தாயியை, குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். ஆர்ஐஏஏ வளைவு என்ற பொது அளவுகோலின்படி ப்ரீஆம்ப் அதைத் திரும்பத் தூக்கும். 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 17 டெசிபல். நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆகவே அந்த உறுமலுக்கும் அதே மரியாதை கிடைக்கிறது. பெட்டியை ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டடி தள்ளி, கால்வட்டம் திருப்பி வைத்தேன்; முக்கால்வாசி போய்விட்டது. பெட்டிக்கும் ப்ரீஆம்புக்கும் இடையே அரை மீட்டர் கேபிள் போதும், நீளமானால் மேல் ஸ்தாயி கெடும். அப்புறமும் ஒரு கொசு ரீங்காரம் மிச்சமிருந்தது. ஒரு வாரம் தேடினேன். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்! 5-இல் வைத்தால் சத்தமில்லை, 3-இல் வைத்தால் ரீங்காரம். சென்னை மே மாதத்தில் எப்படியும் 5தான்.

இப்போது நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம். என்னிடம் இருக்கும் ப்ரீஆம்ப் ஐஃபையின் ஜென் போனோ. 36, 48, 60, 72 டெசிபல் என்று நான்கு நிலைகள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரை 36-இல் மாட்டிக் கேட்கிறேன், அதைக் கழற்றிவிட்டு 60-இல் நேராகவும் கேட்கலாம். சத்தத்தைச் சமமாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மகளை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். ஐந்தில் மூன்று முறைதான் சரியாகச் சொன்னேன். மிருதங்கத்தின் தொப்பியைப் பற்றி மேலே எழுதியதை இதோடு சேர்த்தே படியுங்கள். "அப்பா, இதுக்கா இவ்வளவு காசு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே எம்எம் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். எம்சி வாங்கப்போகிறவர்கள் முதலில் ஜென் போனோ மாதிரி ஒன்றை வாங்கி ஆறு மாதம் கேளுங்கள். நல்ல எம்எம் போனோ உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் நியாயமான செலவு. அப்போதும் 103-க்கு 10 மடங்கு, மிஞ்சினால் 20. நான் ஏயு-300எல்சியை விற்கப்போவதில்லை. அதற்குக் காரணம் கேட்டால் மகளிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்வேன்.

36 மடங்கு பெட்டி பீரோ மேல் கிடக்கிறது. 3, 4 ஓம்ஸ் எதிர்ப்புள்ள கார்ட்ரிட்ஜ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அதற்கு அது சரியாகப் பொருந்தும்.