முன்னால் 4ஏ-ஜிஇயா, பின்னால் 4ஜி93பியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுப் பட்டறையில் கிட் கார் (பாகங்களை வாங்கி நாமே கட்டும் கார்) கட்டுபவர்களுக்கு ஹாஃப் கட் கடையில் (வெட்டி எடுத்த பழைய கார்ப் பகுதிகளை விற்கும் கடை) இரண்டு எஞ்சின் கண்ணில் படும்: டொயோட்டா 4ஏ-ஜிஇ (1587 சிசி), புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயின் 4ஜி93பி (1834 சிசி).

4ஏ-ஜிஇயை முன்னால் நீளவாக்கில் வைத்து, பின்சக்கரங்களை ஓட்டும் டி50 கியர்பாக்ஸ் பூட்டலாம். இதன் 20 வால்வு வகையை வாங்கினால் தலைவலி: அது முன்சக்கரங்களை ஓட்டும் வண்டியின் எஞ்சின். நீளவாக்கில் திருப்பி வைத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடைச்சுவர்) இடிக்கும். சம்ப்பும் (எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) மாற்ற வேண்டும். தாழ்ந்த சம்ப் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரே நாளில் கிழியும். அடியில் இரும்புத் தகடு போடுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்டின் இரு முனைக் கோணமும் சமமாக இல்லையென்றால் வேகத்தில் அதிரும்.

4ஜி93பிக்குப் பின்சக்கர கியர்பாக்ஸ் தேடி அலையாதீர்கள். சொந்த கியர்பாக்ஸோடு குறுக்காக, ஓட்டுநருக்குப் பின்னால் வையுங்கள். நீளமான கியர் கேபிள் வேண்டும். ரேடியேட்டர் முன்னால் என்பதால் நீர்க்குழாயும் நீளும். அந்தக் குழாயின் உச்சியில் காற்று வெளியேற்றும் திருகு வைக்காவிட்டால் காற்று அடைக்கும். சென்சாரில் நீர் படாததால் மீட்டர் 'சரி' என்றே காட்டும், ஆனால் சூட்டில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிடும்! வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு வளையும்.

உதிரிப்பாகம் உள்ளூரிலேயே கிடைப்பதால் எங்கள் ஓட்டு 4ஜி93பிக்கு. பின்பக்கத்தை வழுக்கி ஓட்டும் ஆசை இருந்தால் மட்டும் 4ஏ-ஜிஇ, அதுவும் 16 வால்வு.