சேலத்திலிருந்து ஜெர்மனிக்கு ஈஸ்டர் பார்சல்: தபால் நிலையமா, கூரியர் ஏஜென்டா?

ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைக்கு ஈஸ்டரை ஒட்டி இரண்டு மூன்று கிலோவில் ஒரு பெட்டி அனுப்ப, சேலம் தலைமை தபால் நிலையத்தின் சர்வதேச ஸ்பீடு போஸ்ட்டே போதும். வீட்டுக்கே வந்து வாங்கிப் போகும் கூரியர் ஏஜென்ட்களிடம் அலைச்சல் குறைவு, பேக்கிங்கும் நன்றாக இருக்கும். ஆனால் ஜெர்மனி சுங்கத்தில் பெட்டி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அந்த வழியில் அதிகம். காரணம் கீழே.

இந்தப் பெட்டியை வெறும் பாசப் பார்சல் என்று நினைக்க வேண்டாம். அங்கே பெரிய வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, ஈஸ்டர் திங்கள் மூன்று நாளும் கடைகள் மூடியிருக்கும். நடுவில் சனிக்கிழமை மட்டும் திறப்பார்கள், அன்று கூட்டம் அள்ளும். மற்ற நாட்களில் ரயில் நிலையக் கடையும் பெட்ரோல் பங்க்கும்தான். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் நடுவில்தான் வகுப்பு தொடங்கும் என்பதால், ஈஸ்டர் முன்கூட்டி வரும் ஆண்டில் விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. பெட்டி பெரிய வியாழனுக்குள் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் வெள்ளியும் திங்களும் தபால்காரரும் வரமாட்டார். மார்ச் முதல் வாரத்துக்குள் புக் செய்துவிடுங்கள்.

இனி சுங்கம். தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ வரை வரியில்லாமல் போகும். 'தனி ஆள்' என்பதுதான் இங்கே முக்கியம். சில ஏஜென்ட்கள் அனுப்புநர் இடத்தில் தங்கள் கடைப் பெயரைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போனால் அது பரிசு இல்லை, வணிகச் சரக்கு. பட்டியலில் 'உணவுப் பொருள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் நடக்கிறது. பில்லில் உங்கள் பெயர் இருக்கிறதா, ஒவ்வொரு பொருளும் எடை, விலையோடு தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தபால் நிலையத்தில் சுங்கப் படிவத்தில் உங்கள் பெயர்தான் போகும். அடையாள அட்டை நகல் கொண்டு போங்கள், பெட்டியைத் திறந்தே கொண்டு போங்கள், அவர்கள் பார்த்த பிறகு டேப் ஒட்டலாம். ஆறு இலக்கச் சரக்குக் குறியீட்டையும் எழுதி வைத்துக்கொண்டால் கவுன்டரில் நேரம் மிச்சம்: வறுத்த காபிக்கு 090121, முழு மிளகுக்கு 090411.

கட்டணத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏஜென்ட்கள் எடையோடு பருமனையும் பார்ப்பார்கள்: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 40×30×30 பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே நாலு கிலோவே இருந்தாலும் 7.2க்குத்தான் பில். வத்தல், முறுக்கு மாதிரி காற்றாய் இருக்கும் சரக்குக்கு இது பெரிய நஷ்டம். ஆகச் சின்னப் பெட்டியாகக் கேளுங்கள்.

என்ன வைக்கலாம்? ஏற்காடு காபித்தூள் முதலிடம். ஆனால் 500 கிராமுக்கு மேல் வேண்டாம், பரிசுப் பார்சலில் காபிக்கு அதுதான் வரம்பு. ஜெர்மனியில் காபிக்கென்றே தனி வரி உண்டு. 250 கிராம் பாக்கெட் இரண்டாகப் பிரித்து வையுங்கள். அங்கே ஈஸ்டர் ஞாயிறு காலை உணவுக்கு நண்பர் வீட்டில் கூப்பிடுவது வழக்கம். சாய முட்டை, பின்னல் ரொட்டி, ஆட்டுக்குட்டி வடிவ கேக் இருக்கும் மேசைக்கு ஒரு பாக்கெட் ஏற்காடு காபியோடு போவது அழகான பரிசு. மலை மிளகு 100 கிராம் சேர்த்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ஜவ்வரிசி வத்தல். நம்மூர்ச் சரக்கு, பால் கிடையாது, கெடாது. விடுதி அறையில் எண்ணெய் காய்ச்சினால் புகை அலாரம் அலறும். வத்தலில் இரண்டு பக்கமும் லேசாக எண்ணெய் தடவி மைக்ரோவேவில் 40 நொடி வைத்தால் பொரிந்துவிடும்; நடுவில் வெள்ளையாகாத இடம் இருந்தால் இன்னும் 10 நொடி. தட்டுவடையைப் படுக்க வைத்து அடுக்கினால் தூளாகித்தான் போய்ச் சேரும். டப்பாவில் விளிம்பு கீழே இருக்கும்படி வரிசையாக நிறுத்தி, இடுக்கில் டிஷ்யூ பேப்பர் திணித்து, ஆட்டினால் சத்தம் வராத அளவுக்கு இறுக்குங்கள். அரிசி, பருப்பு அனுப்பி எடையை வீணாக்காதீர்கள், அங்கே ஆசியக் கடைகளில் கிடைக்கும்.

நெய், பால்கோவா, கோவா சேர்ந்த இனிப்பு, கருவாடு அல்லாத எந்த இறைச்சி வற்றலும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனியார் பார்சலில் பால், இறைச்சிப் பொருள்கள் வரக் கூடாது என்பது சட்டம். மைசூர் பாகும் நெய்தான், தவிர்த்துவிடுங்கள். மாம்பழம், கறிவேப்பிலை பச்சையாக வேண்டவே வேண்டாம். 'எல்லாம் போகும் சார்' என்று சொல்லும் ஏஜென்ட் இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

முகவரியில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஜெர்மனியில் அழைப்புமணிப் பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் பார்சல் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, பலகையில் வெறும் இனிஷியல் என்று இருந்தால் பெட்டி திரும்பிப் போகலாம். பிள்ளையிடம் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதே எழுத்தில் எழுதுங்கள். வாடகைப் பங்கு வீடு என்றால் பலகையில் இருப்பவர் பெயரும் சேர வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலோ அருகிலுள்ள கிளையிலோ வைத்துவிட்டுச் சீட்டுப் போடுவார்கள். சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் பிள்ளை நேரில் போய் விலைச் சான்று காட்ட வேண்டியிருக்கும். வாங்கின கடை பில்களைப் போட்டோ எடுத்து முன்பே அனுப்பி வையுங்கள்.