20 நிமிடத்தில் நரை கறுக்கும் ‘மூலிகைப் பொடி’: பினாங்கு மக்கள் கவனத்திற்கு

தீபாவளிக் கடைகள் போடும் நேரம் நெருங்குகிறது. பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் போன தீபாவளிக்கு ஒரு தற்காலிகக் கடையில் “நூறு விழுக்காடு மூலிகை, கெமிக்கல் அறவே இல்லை” என்று முடிக்குப் போடும் பொடி விற்றார்கள். இந்த வருடமும் வருவார்கள். அந்தப் பொடியால் என் அம்மா மருத்துவமனையில் படுத்து எழுந்தார். புகார் விசாரணையில் இருப்பதால் விற்றவர்களின் பெயரைப் போடவில்லை. சரக்கு எப்படி இருக்கும், அவர்கள் பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அடையாளம் கண்டுகொள்ள அது போதும்.

விலை 85 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பச்சைப் பெட்டி, உள்ளே பொட்டலம் பொட்டலமாகப் பொடி, கூடவே ஒரு சின்ன புட்டி எண்ணெய். பெட்டியின் பின்பக்கம் மருதாணி, அவுரி, நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி என்று நான்கு பெயர்தான். கடையில் நின்ற அக்கா ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் குழைத்து, அம்மாவின் முன்நெற்றிப் பக்கம் ஒரு கொத்து முடியில் தடவி, 20 நிமிடம் கழித்துக் கழுவிக் காட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கினார்கள்.

மருதாணி போட்டுப் பழகியவர்களுக்கு இங்கேயே ஒரு கேள்வி வரும். மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறமி செம்மஞ்சள் நிறம்தான் தரும். நரைமுடியில் அது செம்பட்டையாகத்தான் நிற்கும். கறுப்பாக வேண்டுமென்றால் முதலில் மருதாணி, அதை அலசிவிட்டு அதன்மேல் அவுரி என்று இரண்டு தடவை போட்டு மணிக்கணக்கில் ஊற வேண்டும். அப்படியும் அலசிய அன்றே முழுக் கறுப்பு வராது, ஓரிரு நாள் பிடிக்கும். நான் அந்த அக்காவிடம் இதைக் கேட்கத்தான் செய்தேன். “எங்க தாத்தா காலத்துப் பக்குவம் சிஸ்டர், வெளிய சொல்ல மாட்டோம்” என்றார்.

முதல் தடவை போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக்கூடச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் போட்டதும் காதோரத்திலும் பிடரியிலும் அரிப்பு, நெற்றி விளிம்பில் சிவப்பாகத் தடிப்பு. பெட்டியில் இருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினோம். உடனே குரல் பதிவு வந்தது. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

“அம்மா, பயப்படாதீங்க. எத்தன வருஷமா கெமிக்கல் டை போட்டீங்க? அந்த விஷத்தயெல்லாம் மூலிகை இப்பத்தான் இழுத்து வெளிய தள்ளுது. உடம்புச் சூடும் சேர்ந்து வருது. இப்ப நிறுத்தினா உள்ளேயே தங்கிடும். ஒரு வாரம் நம்ம எண்ணெயைத் தேய்ச்சிட்டு மறுபடி போடுங்க.”

இந்தப் பதிவை நான் எழுதுவதே இந்த ஒரு பதிலுக்காகத்தான். பொடியில் கலப்படம் செய்தது ஒரு குற்றம் என்றால், ஒவ்வாமை வந்தவரைப் பார்த்து “மறுபடி போடுங்க” என்று சொன்னது அதைவிடப் பெரிய குற்றம். நம் வீடுகளில் சூடு, பித்தம், வாதம் என்று பேசுவது வழக்கம்தானே? எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சூடு தணியும் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அந்தப் பேச்சை அப்படியே எடுத்து, அரிப்பைக் குணமாகும் அறிகுறியாகத் திருப்பிவிட்டார் அந்த அக்கா. அம்மா நம்பினார். அந்தக் குரலில் அவ்வளவு அக்கறை இருந்தது.

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்னால் மறுபடியும் போட்டார். அன்று இரவு அரிப்பு. மறுநாள் நெற்றி வீங்கியது. அதற்கடுத்த காலையில் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. இமைகள் பூரிபோல் உப்பிவிட்டன, தலைத்தோலிலிருந்து நீர் வடிந்தது. அவசரப் பிரிவில் ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். நல்லவேளை, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்மலைக்குப் போய்ப் பால்குடம் எடுக்க வேண்டியவர், வார்டில் கிடந்தார்.

வீக்கம் வடிந்து நாளான பிறகு, எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, தோல் பிரிவில் முதுகில் பட்டை ஒட்டிப் பரிசோதித்தார்கள். ஒட்டி இரண்டு நாள் கழித்தும், அதற்குப் பிறகு இன்னொரு முறையும் பார்க்கிறார்கள். பாரா ஃபினைலின்டையமின் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து கொப்புளித்திருந்தது. சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். சாதாரண முடிச்சாயங்களில் கறுப்பு நிறம் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். அது தடைசெய்யப்பட்ட பொருள் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிச்சாயத்தில் அதிகபட்சம் 2 விழுக்காடு வரை அனுமதிக்கிறார்கள், எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கறுப்பு மருதாணி என்று வரும் பொட்டலங்கள் பலவற்றிலும் பிபிடி உண்டு. ஒழுங்கான நிறுவனமாக இருந்தால் பெட்டியில் பொடி எழுத்திலாவது அதைப் போட்டிருப்பார்கள். இவர்கள் போட்ட பட்டியலில் இலை, காய் தவிர எதுவுமே இல்லை.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியமானது. இந்த ஒவ்வாமை முதல் தடவையே வெளியே தெரிய வேண்டும் என்பதில்லை. முதலில் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொள்கிறது, அடுத்தடுத்துப் போடும்போது கடுமையாக எதிர்க்கிறது. அதுவும் போட்ட உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். அதனால் கடையில் ஒரு கொத்தில் தடவி “பார்த்தீங்களா, ஒன்னும் ஆகல” என்று காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். அம்மா இனி பிபிடி உள்ள சாயம் எதையும் தொடக்கூடாது. கையில் கறுப்பாக வரையும் மருதாணியும் கூடாது. பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துக்கும் இதே ஒவ்வாமை கிளம்பலாம் என்பதால், மருந்தகத்திலும் பல் மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லச் சொன்னார்.

அப்புறம் அந்த எண். பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கி, கடைசியில் ‘டி’ (T) போட்டு ஒரு பதிவெண் இருந்தது. அரசாங்கம் அங்கீகரித்தது என்று கடையில் அதைத்தான் விரல் வைத்துக் காட்டினார்கள். என்பிஆர்ஏ என்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். நான் தட்டினேன். வேறொரு நிறுவனத்தின், வாயில் போடும் மாத்திரையின் பெயர் வந்தது! ‘மால்’ எண் மருந்துகளுக்கு உரியது, ‘டி’ வந்தால் பாரம்பரிய மருந்து. முடிச்சாயம் அழகுசாதனப் பொருள். அதற்கு வேண்டியது ‘நோட்’ (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண். அதாவது முடிச்சாயப் பெட்டியில் ‘டி’ எண் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். ‘நோட்’ எண்ணும் பரிசோதித்துக் கொடுத்த நற்சான்று இல்லை. சரக்கைப் பற்றி நிறுவனமே கொடுக்கும் அறிவிப்பு அது, பொறுப்பும் அவர்களுடையது. ஆனாலும் எண் உண்மையாக இருந்தால், பிரச்சினை வரும்போது பிடிப்பதற்கு ஓர் ஆளாவது இருப்பார்.

எண்ணெய்ப் புட்டியையும் விடவில்லை. “சுத்தமான தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது” என்று போட்டிருந்தது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊர் வெயிலில் அது உறைந்து நாம் பார்ப்பதே இல்லை, அதனால் யாருக்கும் தோன்றுவதில்லை. புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். வீட்டில் அம்மா கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் பக்கத்திலேயே வெள்ளையாகக் கட்டிப்போனது. அவர்களுடையது பச்சைத் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெயில் காய்ச்சியதாகச் சொன்னால் இந்தச் சோதனை பயன்படாது, நல்லெண்ணெய் அந்தக் குளிரில் உறையாது.

மருத்துவமனையிலிருந்து அந்த அக்காவுக்கு மறுபடி படம் அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? சூடு அதிகமாகிவிட்டதாம், உள்ளுக்குச் சாப்பிட ஒரு சூரணம் தருகிறாராம், 120 வெள்ளியாம். அதே சூரணம் மூட்டு வலி, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று ஒரு விளம்பரப் படமும் அனுப்பினார். சர்க்கரை, சிறுநீரக நோய், இதய நோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. மூட்டு வலிக்கென்று விற்கப்பட்ட பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். நான் அந்தச் சூரணத்தை வாங்கவில்லை. விளம்பரப் படத்தை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

புகாரைச் சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்கப் பிரிவில் கொடுத்திருக்கிறேன். மீதிப் பொட்டலங்கள், பெட்டி, ரசீது, குரல் பதிவு எல்லாம் போயிருக்கின்றன. பொடியின் ஆய்வு முடிவு இன்னும் வரவில்லை. பணத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் உடல் பாதிப்புக்கு அங்கே இழப்பீடு கேட்க முடியாது, சரக்கின் விலை போன்ற பண இழப்பைத்தான் கேட்கலாம். உடல் பாதிப்புக்கு நீதிமன்றம் போக வேண்டும். அதற்கு எங்களுக்குத் தெம்பு இல்லை, சரி, 85 வெள்ளியையாவது விடக்கூடாது என்று பதிந்திருக்கிறேன். தகவல் தெரிந்ததும் அந்த அக்கா, முகநூலில் எதுவும் போடாமல் இருந்தால் இரண்டு பெட்டி இலவசமாகத் தருவதாகச் செய்தி அனுப்பினார்.

பெட்டி இப்போது ஊதா நிறத்துக்கு மாறிவிட்டது, பெயரும் வேறு. தோழி ஒருத்தி அக்கரையிலிருந்து படம் அனுப்பினாள். பின்பக்கம் அதே நான்கு மூலிகை, அதே ‘மால்’ எண். வாங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் குப்பையில் போட வேண்டாம். பொட்டலத்தைப் பிரிக்காமல், ரசீதோடு அமலாக்கப் பிரிவில் ஒப்படையுங்கள். அரிப்பு வந்திருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போங்கள்.