பெரும்பாட்டுக்கு எந்தப் பேட், எந்தக் கப்: மில்லி கணக்கில் ஒரு விமர்சனம்

பேட் விளம்பரத்தில் ஊற்றிக் காட்டுவது நீலத் தண்ணீர். அட்டையில் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று போட்டிருப்பது நீளம். இது எத்தனை மில்லி ரத்தம் தாங்கும், திடீரென்று வேகமாக வந்தால் தாங்குமா? அதிக உதிரப்போக்கு (பெரும்பாடு) உள்ளவருக்குத் தெரியவேண்டிய இந்த இரண்டுக்கும் அட்டையில் பதில் கிடையாது. கடையில் கிடைக்கும் பொருட்களையும் மருத்துவர் எழுதித் தருபவற்றையும் அந்தக் கேள்வியோடுதான் இங்கே பார்க்கிறோம்.

அளவு தெரிந்தால்தான் மதிப்பிட முடியும். ஒரு மாதவிடாய் முழுவதிலும் வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய ஆய்வக வரையறை. இப்போதைய வழிகாட்டல்கள் எண்ணைவிட, அந்த நாட்களில் வேலை, தூக்கம், பயணம் கெடுகிறதா என்பதையே முதலில் கேட்கின்றன. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பேட் நனைந்துவிடுவது, இரண்டு பேடைச் சேர்த்து வைப்பது, ராத்திரி எழுந்து மாற்றுவது, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போவது, ஏழு நாளைத் தாண்டுவது: இவற்றில் ஒன்று மாதாமாதம் நடந்தாலும் மருத்துவரிடம் போகலாம்.

இனி பேட். நம் ஊரில் நாப்கினுக்கான தரம் ஐஎஸ் 5405. அதன் 1980 பதிப்பு கேட்டது இவ்வளவுதான்: நடுவில் 30 மில்லி திரவத்தை நிமிடத்துக்கு 15 மில்லி வேகத்தில் விட்டால் பக்கத்திலோ அடியிலோ கசியக்கூடாது. அந்தத் திரவம் வண்ணத் தண்ணீராகவே இருக்கலாம். பேடுக்குள் இருக்கும் ஜெல் துகள்கள் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ரத்தம் கெட்டியானது, அதில் அணுக்களும் சவ்வுத் துண்டுகளும் உண்டு, அதனால் உள்ளே இறங்க நேரம் எடுக்கும். உட்கார்ந்து எழும்போது மொத்தமாக வரும் ரத்தம் மேல்பரப்பிலேயே ஓடிப் பக்கவாட்டில் வழிவது இதனால்தான். பேடின் பாதி இன்னும் வெள்ளையாக இருக்கும்போதே துணி கறையாகியிருந்தால் தீர்வு இன்னும் நீளமான பேட் அல்ல. ராத்திரி படுக்கும்போது மட்டும் நீளம் உதவும், பின்பக்கம் ஓடுவதைப் பிடிக்கும். ஜன் ஔஷதி மருந்தகத்தின் சுவிதா பேட் 2019 முதல் ஒன்று ஒரு ரூபாய். போக்கு குறைந்த கடைசி நாட்களுக்கு அதை வைத்துக்கொண்டால் மாதச் செலவு இறங்கும்.

2023-ல் அமெரிக்காவின் ஓரிகான் ஆய்வாளர்கள் 21 மாதவிடாய்ப் பொருட்களில் தண்ணீருக்குப் பதில் மனித ரத்தச் சிவப்பணுக்களை ஊற்றிப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். பேட், டேம்பன் (உள்ளே வைக்கும் பஞ்சு உருளை), கப் (உள்ளே வைத்து ரத்தத்தைச் சேர்த்து எடுக்கும் மணி வடிவக் கோப்பை) மூன்றும் ஏறத்தாழ 20 முதல் 50 மில்லிக்குள் நின்றன. கிண்ணம் போல உள்ளே பொருத்தும் டிஸ்க் சராசரியாக 61 மில்லி தாங்கியது. துவைத்துப் போடும் பீரியட் பேன்ட்டி தாங்கியது வெறும் 2 மில்லி. அப்படியானால் துவைக்கும் பேன்ட்டி கப்புக்கோ பேடுக்கோ துணையாகத்தான் சரி. அதிக நாட்களில் அதை மட்டும் நம்பி பஸ் ஏறாதீர்கள். ஒருமுறை போட்டுத் தூக்கிப்போடும் டயப்பர் வடிவப் பேன்ட்டி வேறு ரகம். சுற்றிலும் பிடிப்பு இருப்பதால் ராத்திரிக்கும் நீண்ட ரயில் பயணத்துக்கும் நல்லது. துணி பேட் விரும்புகிறவர்களுக்கு ஆரோவில்லின் ஈக்கோஃபெம் 2010 முதல் தைத்துத் தருகிறது. தோல் அரிப்பு உள்ளவர்களுக்கு நிம்மதி. ஆனால் அதிகப் போக்கில் நிறைய துண்டுகள் வேண்டும், ஐப்பசி மழையில் அவை வெயிலில் காயாமல் ஈரத்தோடு மடிபடும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

எங்கள் முதல் மதிப்பெண் கப்புக்கு. அதிகம் தாங்குகிறது என்பதற்காக அல்ல, அளந்து சொல்கிறது என்பதற்காக. 'நிறையப் போகுது டாக்டர்' என்பதை 'முதல் நாள் மட்டும் 70 மில்லி' என்று மாற்றித் தருவது வீட்டில் வாங்கக்கூடிய இந்த ஒரு பொருள்தான். பொதுத்துறை நிறுவனமான எச்எல்எல் லைஃப்கேர் 'திங்கள்' திட்டத்தில் 2019-ல் ஆலப்புழையில் 5,000 கப்புகளை வழங்கியது. இப்போது பல தயாரிப்புகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மருத்துவத்தர சிலிக்கான் என்று எழுதியிருக்கிறதா, உள்ளே மில்லி கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கோடு இல்லையென்றால் மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, கப்பின் விளிம்பை ஒட்டி இருக்கும் காற்றுத் துளைகளுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் விட்டு எண்ணுங்கள். அதுதான் உண்மையான கொள்ளளவு. துளைக்கு மேல் உள்ள இடத்தைச் சேர்க்கக்கூடாது. பிறகு ஒரு நோட்டில், எடுக்கும் நேரம், எத்தனை மில்லி, கட்டி இருந்ததா என்று மூன்றே குறிப்பு. ஒரு எச்சரிக்கை: கப்பில் சேர்வது முழுக்க ரத்தமல்ல. கருப்பையின் உள்சவ்வும் சளியும் கலந்தது, ரத்தம் அதில் ஏறத்தாழ பாதி. ஆகவே அந்த எண்ணை மேலே சொன்ன 80 மில்லியோடு நேரடியாக ஒப்பிட்டுப் பயப்படவேண்டாம். அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயன்படுத்தும்போது என்ன தவறும்? மூன்று வகைக் கசிவு உண்டு, தீர்வும் வேறு வேறு. எடுத்துப் பார்த்தால் கப் நிறைந்திருக்கிறதா? அது வழிந்த கசிவு. அதிக நாளில் 25 மில்லி கப் இரண்டு, மூன்று மணி நேரத்தில் நிறையலாம், அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை பாருங்கள். கப் பாதிதான் இருக்கிறது, ஆனாலும் கசிகிறதா? உள்ளே முழுதாக விரியவில்லை. சுட்டு விரலால் அடிப்பாகத்தைச் சுற்றித் தடவினால் மடிப்பு தட்டுப்படும். அடிப்பாகத்தைப் பிடித்து லேசாகத் திருப்பினால் விரிந்துவிடும். கப் காலியாக, ரத்தம் எல்லாம் வெளியே என்றால் அது கருப்பை வாய்க்குப் பக்கவாட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. விளிம்பின் ஒரு புள்ளியை உள்ளே அமுக்கி மடிக்கும் முறையில், முதுகெலும்பின் அடிப்பக்கத்தை நோக்கிச் சாய்த்து வையுங்கள், நேர் மேலே அல்ல. கருப்பை வாய் தாழ்ந்திருப்பவர்களுக்கு அது கப்புக்குள்ளேயே இறங்கி இடத்தை அடைக்கும், குட்டையான, அகலமான கப் அவர்களுக்குப் பொருந்தும்.

எடுக்கும்போது கப்பின் அடியில் உள்ள தண்டைப் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. உள்ளே உறிஞ்சல் இருப்பதால் வலிக்கும், சிந்தும். அடிப்பாகத்தை இரண்டு விரலால் அழுத்தி, காற்று நுழைந்தபின் மெதுவாகக் கீழே கொண்டுவாருங்கள். இந்திய முறைக் கழிப்பறை இதற்கு மிக வசதி: குந்தும்போதே கப் கீழே இறங்கும், பக்கத்தில் குவளைத் தண்ணீரும் இருக்கும். கட்டிகள் துளைகளை அடைத்துவிடும். கப்பில் தண்ணீர் நிரப்பி, உள்ளங்கையால் வாயை மூடி அமுக்கினால் துளை வழியாகப் பீச்சி அடித்து சுத்தமாகும். மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரம் வையுங்கள், கப் அடியில் ஒட்டிக் கருகாதபடி தண்ணீர் நிறைய இருக்கட்டும். போர் தண்ணீரில் வெள்ளைப் படிவு ஏறும், கேன் தண்ணீர் மேல். டெட்டால் வேண்டாம். 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடக்கூடாது. கப் உள்ளே இருக்கும்போது திடீர்க் கடுங்காய்ச்சல், தடிப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாதது. காப்பர் டியோ ஹார்மோன் சாதனமோ கருப்பைக்குள் இருந்தால் உறிஞ்சலை உடைக்காமல் இழுப்பது அதையும் சேர்த்து வெளியே கொண்டுவரலாம். வைத்த மருத்துவரிடம் கேட்டபிறகே கப்.

கப் வேண்டாம் என்பவர்கள், பள்ளி வயதுப் பெண்கள், பேடிலேயே கணக்குப் போடலாம். 1990-ல் பிரிட்டனில் வந்த படக்கணக்கு இது: லேசாக நனைந்த பேடுக்கு 1, நடுத்தரத்துக்கு 5, முழுதும் நனைந்ததற்கு 20. சிறிய கட்டிக்கு 1, பெரியதற்கு 5. ஒரு மாதவிடாயின் மொத்தம் 100-ஐத் தாண்டினால் அதிகம்.

இவை எல்லாம் ரத்தத்தைப் பிடிப்பவை. குறைப்பவை வேறு. டிரானெக்சாமிக் ஆசிட்: 1960-களில் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. ரத்த உறைவு கரையாமல் தடுக்கும், போக்கைப் பாதி வரை குறைக்கும். வழக்கமான அளவு 500 மி.கி. மாத்திரை இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, அதிகப் போக்கு தொடங்கிய பின் அதிகபட்சம் நான்கு நாள். ஒரு மாத்திரையை இரண்டு வேளை போட்டு, மறுநாள் நிறுத்திவிட்டு, கேட்கவில்லை என்பதே இதைப் பற்றிய பெரும்பாலான புகார். முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஆகாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். எனவே பக்கத்து வீட்டுச் சீட்டை வைத்து வாங்காதீர்கள். நாளைத் தள்ளிப்போட வாங்கும் நாரெதிஸ்டிரோனை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். அது ஹார்மோன், பாதியில் நிறுத்தினால் போக்கு திரும்ப வரும்.

நீண்டகாலத்துக்கு மாத்திரைகளைவிட நாங்கள் உயர்த்திச் சொல்வது லெவோநார்ஜெஸ்டிரல் என்ற ஹார்மோன் 52 மி.கி. கொண்ட கருப்பைச் சாதனம். மிரினா என்ற பெயரில் 1990-ல் பின்லாந்தில் தொடங்கியது, இப்போது உள்நாட்டுத் தயாரிப்பும் உண்டு. ஐந்து ஆண்டு வேலை செய்யும். ஓராண்டுக்குள் போக்கு பெரும்பாலோருக்கு மிகக் குறைந்துவிடும், சிலருக்கு நின்றேவிடும். ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் படுவது இயல்பு. இதை முன்கூட்டிச் சொல்லாததால் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்பவர்கள் அதிகம். காப்பர் டி இதற்கு நேர் எதிர், போக்கைக் கூட்டும். உங்களுக்குக் காப்பர் டி இருந்தால் அதை முதல் வரியிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் சந்திப்பிலேயே கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவசரமில்லாத பட்சத்தில் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டலை ஏற்குமாறு 2023-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதே இது எவ்வளவு நடக்கிறது என்பதால்தான். அதற்கு முன் நடக்கவேண்டியவை: கர்ப்பச் சோதனை, முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), அறிகுறி இருந்தால் தைராய்டு, கருப்பையில் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன், நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தேவைப்பட்டால் உள்சவ்வுப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் சோகை. 12 இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம், களைப்பும் முடி உதிர்தலும் அதனால் இருக்கலாம், ஆகவே அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் வீண், எலுமிச்சைச் சாறோடு நல்லது. மணிக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தால், மயக்கம் வந்தால், கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் நோட்டும் வேண்டாம், கப்பும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகம், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகிறது, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அப்படித்தான் என்றால் வான் வில்லிபிராண்ட் போன்ற உறைதல் குறைபாட்டைச் சோதிக்கவேண்டும். சாதாரண ஆய்வுக்கூடத்தின் உறைதல் சோதனைகள் சரியாக வந்தும் இது இருக்கலாம். வேலூர் சிஎம்சி போல ரத்தவியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு, அந்த மாதக் கணக்கு நோட்டோடு போங்கள். அதுவரை ஆஸ்பிரின் தொடவேண்டாம். வேறு நோய்க்காக மருத்துவர் அதை எழுதியிருந்தால் அவரைக் கேட்டே நிறுத்துங்கள்.